எதிர்வெயிலில் உடும்பு வாய் பிளந்து நிற்பது ஏன்

எல்லா உயிரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இருவெயில் என்ற உலகத்தில், மிழலை என்று ஒரு விசிறிநாரை இருந்தாள்.

பெயரைக் கேட்டதுமே புரிந்திருக்கும், அந்த உலகத்துக்கு இரண்டு சூரியன்கள். ஆனால் அங்கே யாரும் சூரியன் என்று சொல்ல மாட்டார்கள். பெரியவெயில், சின்னவெயில், அவ்வளவுதான். பெரியவெயில் மஞ்சள். உலகம் அதைத்தான் சுற்றி வந்தது. பகல், இரவு, கோடை, பனி எல்லாம் அதன் உபயம். சின்னவெயில் சிவப்பு. அது எங்கோ தூரத்தில், நீட்டி இழுத்த ஒரு பாதையில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மிழலைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது வானத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. அது என்றைக்காவது கிட்டே வருமா, வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல உயிரோடு ஒருவரும் இல்லை. போன தடவை அது வந்தபோது பார்த்தவர்களின் எலும்புகூட உப்பாகிப் போயிருந்தது.

விசிறிநாரைகள் முட்டையிட்டது வற்றிப்போன ஒரு கடலின் தரையில். ஒரு மரம் கிடையாது, ஒரு பாறை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையாக, வெள்ளையாக, உப்பு. ஆண் நாரைகள் முட்டையைப் பார்த்த கையோடு வடக்கே ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். தாய்தான் காவல். கழுத்தைச் சுற்றி இருக்கும் இறகு விசிறியைக் குடை மாதிரி விரித்து, வெயிலுக்கும் முட்டைக்கும் நடுவே நிற்பாள். முட்டை முதுகுப் பக்கம், வெயில் முகத்துப் பக்கம். வெயில் நகர நகர அவளும் நகர்வாள். தலையைக் குனியலாம், நிமிர்த்தலாம், கழுத்தை மட்டும் திருப்பக் கூடாது. கழுத்து திரும்பினால் விசிறியும் திரும்பும், நிழல் முட்டையை விட்டு விலகும், உள்ளே இருக்கும் குஞ்சு உள்ளேயே வெந்துவிடும்.

இப்படி நாள் முழுக்க முறைத்துக்கொண்டு நிற்பவளுக்குப் பொழுது போக வேண்டாமா? மிழலை அடுத்தவர்கள் குரலில் பேசுவாள். திரும்பிப் பார்க்க வழி இல்லாததால் காதாலேயே ஊரைத் தெரிந்துவைத்திருந்தாள். யார் எப்படி இருமுவார்கள், யார் எந்த இடத்தில் இழுப்பார்கள், யாருக்கு மூக்கால் பேச்சு வரும், எல்லாம் அத்துப்படி. சேற்றோரப் பொந்தில் பொந்தாயி என்று ஒரு நண்டு இருந்தாள். அவள் புருஷன் செத்து ஒரு பருவம் ஆகியிருந்தது. ஒரு நாள் மிழலை அந்த மனுஷன் குரலிலேயே, "அடியே, பாசி எடுத்து வச்சியா இல்லியா?" என்று அதட்டினாள். பொந்தாயி பாசியைக் கொடுக்கில் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டாள். உப்புத் தரையே சிரித்தது. பொந்தாயி மட்டும் அந்தப் பாசியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

ஆனால் மிழலைக்குக் கைவந்த குரல் உடும்புடையது. கட்டையன் என்ற அந்த உடும்புதான் அந்தத் தரையின் முட்டைத் திருடன். ஆள் நீளம், அகலம், பேச்சு மட்டும் ஆமை வேகம். ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த சொல்லைத் தேட ஊருக்குப் போய்விடுவான். "என்...ன... முட்...டை... இன்னிக்கு?" என்று மிழலை ஆரம்பித்தால் போதும், சுற்றி நின்ற தாய்மார்கள் எல்லாரும் அலறிக் குதிப்பார்கள். அவள் விசிறிக்குள்ளே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

அப்படி அவள் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் நிஜக் கட்டையன் வந்து அவள் முட்டையையே தின்றுவிட்டுப் போனான். அதே பருவத்தில் இன்னொரு முட்டை இடுவதற்கு உடம்பில் சத்து மிச்சம் இருந்தது. அதற்குமேல் இல்லை. அந்த இரண்டாவது முட்டையோடு அவள் பின்தங்கிப் போனாள். மற்ற நாரைகள் குஞ்சு பொரித்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டார்கள். உப்புத் தரையில் மிழலை, பொந்தாயி, கட்டையன், இந்த மூன்று பேர்தான் மிச்சம்.

அப்போதுதான் பொட்டு பெரிதாக ஆரம்பித்தது.

கடுகு மிளகானது. மிளகு நெல்லிக்காயானது. பெரியவெயில் விழுந்தபிறகும் தரை சிவப்பாகவே கிடந்தது. இரவு ஒவ்வொரு நாளும் குறுகிக்கொண்டே போனது. மிழலையின் காலடியில் இரண்டு நிழல்கள் விழுந்தன. பெரியவெயில் போட்டது கருஞ்சிவப்பு. சின்னவெயில் போட்டது வெளிறிய நீலம், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் கவலையெல்லாம் வானத்தில் இருந்தது.

இரண்டு வெயிலும் ஒரே பக்கம் நின்றவரை தொல்லை இல்லை. ஒரு விசிறி இரண்டையும் மறைத்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் இரண்டும் விலகிக்கொண்டே போயின. கடைசியில் ஒரு பிற்பகல், பெரியவெயில் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும்போதே சின்னவெயில் கிழக்கே எழுந்து வந்து நின்றுவிட்டது. இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் இது, நடுவில் முட்டை. மேற்கே பார்த்து விரித்தால் கிழக்கு சுட்டது. கிழக்கே பார்த்து விரித்தால் மேற்கு சுட்டது. மிழலை பைத்தியம் பிடித்தவள் மாதிரி இப்படியும் அப்படியும் ஓடினாள். பெரியவெயில் விழுந்தபிறகு கால் விரலால் முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. உள்ளே ஏதோ ஒன்று மெல்லப் புரண்டது.

உயிர் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் தாங்கினால் பொரித்துவிடும். ஆனால் நாளைக்குச் சின்னவெயில் இன்றைவிட நெருங்கி வரும்.

மறுநாள் பெரியவெயில் எழுந்ததும் அவள் நின்ற இடத்திலிருந்தே கத்தினாள். "அத்தை! பொந்தாயி அத்தை!"

பொந்து வாயில் சேறு கொஞ்சம் விலகியது. "க்கும். யாரு?"

"நான்தான் அத்தை. மிழலை."

"க்கும். எந்த மிழலை? எங்க வீட்டுக்காரரா வந்த மிழலையா?"

"நிஜமாவே நான்தான் அத்தை. இது என் குரல்."

"உனக்கு உன் குரல்னு ஒண்ணு தனியா இருக்கா? இத்தனை நாள் கேட்டதே இல்லியே." பொந்தாயி கண்ணை மட்டும் வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தாள். சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டாள். "எனக்கே ஓடு கொதிக்குது. என்ன வேணும், சொல்லித் தொலை."

"முட்டைக்கு ரெண்டு பக்கமும் நிழல் வேணும். மதியத்துக்கு மேல கிழக்குப் பக்கம் வந்து நில்லேன். கெஞ்சிக் கேட்கிறேன்."

"என் நிழல் உன் முட்டையில கால்வாசிகூட மூடாதுடி. பொந்துல வைக்கலாம்னா, என் பொந்துல நானே மடங்கித்தான் கிடக்கேன்." பிறகு, குரல் தணிந்து வந்தது. "மூடற அளவுக்கு உடம்பு இந்தத் தரையில ஒருத்தனுக்குத்தான் இருக்கு. அவன் பேரைச் சொல்ல எனக்கே வாய் வரல."

பொந்து மூடிக்கொண்டது.

அவன் பேரைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. மதியம் தாண்டி, சின்னவெயில் கிழக்கே எழுந்ததும் பின்னால் உப்பை உரசிக்கொண்டு ஒரு வால் இழுபடும் சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்... மிழலையின் இறகு ஒவ்வொன்றும் நட்டுக்கொண்டது.

"யாரது?"

"நா...ன்...தான்."

"அண்ணே," என்றாள் மிழலை. அண்ணே! பெற்ற முட்டையைத் தின்றவனுக்கு அவள் வாயிலிருந்து வந்த சொல். "அண்ணே, முட்டையைத் தின்னுறாதீங்க. இதுக்கப்புறம் எனக்கு முட்டை கிடையாது."

"பசி... இல்ல. வெயில்." அவன் மூச்சு அடுப்பு ஊதுகிற மாதிரி வந்தது. "உன்... நிழல்ல... படுத்துக்க... வந்தேன். என் வளை... ரொம்ப தூரம். சிவப்பு வெயிலை... தாங்குவேன். இந்த மஞ்ச வெயில்ல... போய்ச் சேர மாட்டேன்."

மிழலை பயத்தோடு பயமாகக் கணக்குப் போட்டாள். அவளுடைய விசிறி மேற்கு வெயிலை மறைக்கும். அந்த நிழலில் முட்டையும் அடங்கும், அதற்குப் பின்னால் கட்டையனும் அடங்குவான். அவன் முட்டைக்குக் கிழக்கே குறுக்காக நின்றால், அவன் உடம்பு சின்னவெயிலை மறைக்கும்.

"சரி. படுக்கக் கூடாது, நிக்கணும். முட்டைக்குக் கிழக்கே, குறுக்கே நில்லுங்க. என் நிழல் உங்களுக்கு, உங்க நிழல் என் முட்டைக்கு. முட்டையைத் தொட்டீங்கன்னா நான் பறந்துருவேன். நிழலும் என்கூடப் பறந்துரும். வெந்து சாவீங்க."

வால் இழுபட்டது. முட்டை மேல் இருந்த சிவப்பு வெளிச்சம் அணைந்ததை அவள் பார்க்கவில்லை, அவளால் பார்க்க முடியாது. அவன் சொன்னதைத்தான் கேட்டாள். "நின்னு...ட்டேன்."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"மஞ்ச வெயில்... தரையைத் தொடற வரைக்கும். அது தொட்டுட்டா... எனக்கு உன் நிழல்... வேணாம். நடந்து... போயிருவேன்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் மிழலை அதன் மறுபாதியைக் கணக்குப் போட்டாள். வெயில் தரையைத் தொடும் வரை அவனுக்கு அவள் வேண்டும், முட்டையைத் தொட மாட்டான். தொட்டபிறகு? அந்த உப்புத் தரையில் முட்டைக்குக் கடைசி வெயில்தான் கொடியது. உப்பில் பட்டுத் தெறித்துக் கண்ணைப் பறிக்கும், முட்டையை வாட்டும். உயரத்திலிருந்து அடிக்கும் வெயில்தான் உடும்பைக் கொல்லும், தரையோடு தவழும் வெயிலை அதன் தோல் தாங்கிக்கொள்ளும். அவளுக்கு அவன் ரொம்பத் தேவைப்படும் நேரமும், அவனுக்கு அவள் தேவையே இல்லாத நேரமும் ஒரே நேரமாக வந்து நிற்கும். அப்போது முட்டை அவன் வாய்க்கு ஒரு முழம் தூரத்தில் இருக்கும்.

குரல்களை வைத்தே உலகத்தைத் தெரிந்துகொண்டவளுக்கு ஒரே ஒரு யோசனைதான் தோன்றியது.

"அண்ணே, பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தவே கூடாது. வாய் பேசிக்கிட்டு இருந்தா தின்ன முடியாதில்ல?"

"என்ன... பேச?"

"எதையாவது பேசுங்க! உங்க அம்மாவைப் பத்திப் பேசுங்க."

"எங்கம்மா..." என்று ஆரம்பித்தான் கட்டையன். அப்புறம் நிறுத்தினான். இந்த இடைவெளியில் ஒரு முட்டையை உடைத்துக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடலாமே! "...எங்களை... விட்டுட்டுப் போயிருச்சு. உடும்புல... அப்படித்தான்."

"அப்புறம்?"

"அப்புறம்... பசிச்சுது."

"பசியைப் பத்திப் பேசாதீங்க அண்ணே! வேற பேசுங்க!"

அவனும் பேசினான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மிழலை ஒரு தடவை செத்துப் பிழைத்தாள். அவன் வளையில் இருக்கும் ஈரத்தைப் பற்றிச் சொன்னான். அங்கே சுவரில் நக்கினால் ஒரு சொட்டு கிடைக்குமாம். சின்னவெயிலைப் பார்த்ததும் தனக்குப் பயமாக இருந்தது என்றான். பிறகு ஒரு பெரிய இடைவெளி விட்டு, "உன் முதல் முட்டை..." என்றான்.

"அதைச் சொல்லாதீங்க."

"...நல்லா... இருந்துச்சு."

மிழலைக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அவன் பேசுகிறான், அது போதும்.

"நீ என் குரல்ல... பேசுவியே," என்றான். "ஒரு நாள்... வளைக்குள்ள படுத்திருந்தேன். என் குரல்... வெளியே கேட்டுச்சு. எனக்கே... பயமாயிருச்சு. நான்... அப்படியா பேசறேன்?"

அந்த நிலையிலும் மிழலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதைவிட மோசமா பேசறீங்க அண்ணே."

பின்னால் 'ஹக், ஹக்' என்று ஒரு சத்தம். உடும்பு சிரித்தால் அப்படித்தான் இருக்குமோ என்னவோ. அவள் அதுவரை கேட்டதில்லை.

பெரியவெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. உப்பு முழுக்கப் பற்றி எரிகிற மாதிரி மின்னியது. மிழலையின் கண் கூசியது, விசிறியின் ஓரத்தில் இறகு கருகும் நாற்றம் வந்தது. பின்னால் சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. "மண்...ணு..." என்றான் ஒரு தடவை. அதற்கு அடுத்த சொல் வரவே இல்லை.

"அண்ணே?"

சத்தம் இல்லை.

"அண்ணே, பேசுங்க. மண்ணுக்கு என்ன?"

இல்லை.

பெரியவெயில் தரையைத் தொட இன்னும் ஒரு விரற்கடைதான் இருந்தது. தொட்டால் அவனுக்கு அவள் வேண்டாம். மிழலை மனசுக்குள் தன்னைத் தானே பிடித்துக்கொண்டாள். திரும்பாதே. திரும்பாதே. அவன் வழக்கமாக இழுக்கிறவன்தான், அடுத்த சொல்லைத் தேடிப் போயிருக்கிறான், வந்துவிடுவான். அவன் குரலிலேயே ஒரு சொல்லைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ளக்கூடப் பார்த்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போது பின்னால், தெளிவாக, டக் என்று ஒரு சத்தம்.

ஓடு உடையும் சத்தம்.

மிழலை திரும்பிவிட்டாள்.

ஒரு கண நேரம்தான். அதற்குள் அவள் பார்த்தது இது. முட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் உச்சியில் சின்னதாக ஒரு விரிசல், உள்ளேயிருந்து ஒரு மூக்கு நுனி கொத்திய விரிசல். முட்டைக்கு அப்பால் கட்டையன் குறுக்கே நின்றுகொண்டிருந்தான், தலை முட்டைப் பக்கமே இல்லாமல் தெற்கே பார்த்தபடி. வாயைப் பிளந்திருந்தான், தாடை கழன்றுவிடும் அளவுக்கு. உள்ளே நாக்கு வெளுத்து, வெடித்து, காய்ந்த ஓலை மாதிரி கிடந்தது. தொண்டை துடித்தது. சொல் ஒன்றும் வரவில்லை. அந்த வாய்க்குள் ஒன்றுமே இல்லை.

விசிறி திரும்பிய இடைவெளியில் கடைசி வெயில் பாய்ந்து முட்டையின் மேற்குப் பக்கத்தில் விழுந்தது. சுர் என்றது ஓடு.

மிழலை அலறிக்கொண்டு முகத்தை மேற்கே திருப்பினாள். திருப்பிய வேகத்தில் தலை தொங்கிப்போய், கண் தன் காலடியில் போய் விழுந்தது. அங்கே, அவளுடைய இரண்டு கால்களுக்கு நடுவே நீண்டு, உப்பின் மேல் வெளிறிய நீலமாக, சின்னவெயில் போட்ட உடும்பின் நிழல். முதுகு தெரிந்தது, வால் தெரிந்தது, தலை தெரிந்தது. முட்டைப் பக்கம் திரும்பாத தலை. மேலும் கீழுமாகப் பிளந்து, நடுவே வெளிச்சம் தெரியும் வெறும் வாய். இந்தப் பிற்பகல் முழுக்க அந்த நிழல் அவள் காலடியில்தான் கிடந்திருக்கிறது. தொண்டை வறண்டு சொல் நின்றதும், தின்னவில்லை, பார்த்துக்கொள்ளட்டும் என்று அவன் வாயைத் திறந்து காட்டியிருக்கிறான். எவ்வளவு நேரமாகக் காட்டிக்கொண்டு நின்றானோ. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாளே தவிர, ஒரு தடவை குனியவில்லை.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. அந்த நிழலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவெயில் தரையைத் தொட்டது. இனி அவன் போகலாம். நிழல் நகரவில்லை. வெயில் பாதி முங்கியது. நிழல் நகரவில்லை. முழுக்க முங்கி மேற்கு அணைந்தபிறகுதான் மிழலை சுற்றி வந்து, அவனுக்கும் அப்பால் நின்று, கிழக்கே பார்த்து விசிறியை விரித்து, முட்டையைத் தனியாக மூடினாள். அதன் பிறகுதான் கட்டையன் முன்கால் மடங்கி, அவள் நிழலிலேயே சாய்ந்தான்.

"ஏன் அண்ணே தின்னலை?" என்று கேட்டாள் அவள். "உங்களுக்குத்தான் என் நிழல் வேண்டாம்னு ஆயிருச்சே. ஏன் நின்னீங்க?"

கட்டையன் அவளைப் பார்த்தான். தாடை அசைந்தது. உள்ளேயிருந்து காற்று மட்டும் வந்தது. அவன் திரும்பவும் ஒரு தடவை முயற்சி செய்தான். அப்புறம் விட்டுவிட்டான். கொஞ்சம் தெம்பு வந்ததும் வாலை இழுத்துக்கொண்டு தன் வளைப் பக்கம் போனான். அவனிடமிருந்து எந்தச் சொல்லும் யாருக்கும் அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

ஓடு இரண்டாகப் பிளந்தது. குஞ்சு உயிரோடு வெளியே வந்தது. ஒரு பக்கச் சிறகு வெள்ளை. வெயில் பட்ட மறுபக்கச் சிறகு, வேரிலிருந்து நுனி வரை கரி. மிழலை அந்தக் கரிச் சிறகின் மேல் அலகை வைத்து அப்படியே இருந்தாள். குஞ்சு தலையைத் தூக்கி, ஓட்டுக்குள் கேட்டுக் கேட்டுப் படித்த முதல் சொல்லைச் சொன்னது.

"என்...ன...?"

இழுத்து இழுத்து, நடுவே ஊருக்குப் போய்விட்டு வந்து. மிழலை எத்தனையோ தடவை அந்தக் குரலில் பேசி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

சின்னவெயில் மறுபடி தூரம் போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. மிழலை இல்லை, கட்டையனும் இல்லை. ஆனால் அந்தச் சாயங்காலம் தொட்டுத்தான் விசிறிநாரைகளுக்கு ஒரு சிறகு கருப்பாக முளைக்கிறது. இரண்டு வெயிலும் எதிரெதிரே நிற்கும் காலம் வந்துவிட்டால், யாரும் கூப்பிடாமலே உடும்பு வந்து, முட்டைக்கு மறுபக்கம் குறுக்கே நின்று, வாயை அகலப் பிளந்துகொள்கிறது. நாரை ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்து, தன் காலடியில் விழும் அந்த வெறும் வாயின் நிழலையே, வெயில் இறங்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்கிறது.